பாம்பு வளர்ப்பது சுலபம், எலி வளர்ப்பதுதான் பாடு

வீட்டில் வளர்ப்பது பால் பைத்தான் என்ற சின்ன மலைப்பாம்பு என்று சொன்னதும் தர்மபுரி பக்கம் வரும் முதல் கேள்வி, "தினம் எவ்ளோ பால் ஊத்தணுங்க?" என்பதுதான். ஆடி வெள்ளிக்குப் புற்றில் பால் ஊற்றும் ஊர், கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்தப் 'பால்' ஆங்கிலப் பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிடும், அதனால் வந்த பெயர். எந்தப் பாம்புக்கும் பால் உணவே கிடையாது. இதற்கு வேண்டியது தண்ணீரும் எலியும். தண்ணீர் குழாயில் வந்துவிடும். எலி எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் பாம்பை வாங்குபவர்கள்தான் ஆறு மாதத்தில் "யாராவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டுத் திரிகிறார்கள்.

பிராணியைப் பற்றிச் சொன்னால் குறை சொல்ல அதிகமில்லை. கானா, டோகோ, பெனின் என்று மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் கறையான் புற்றிலும் எலி வளையிலும் பகலைக் கழிக்கும் பாம்பு. ஆண் மூன்றடி, மூன்றரை அடி. பெண் நாலடி, சில சமயம் ஐந்தடி. வளர்ந்த பெண் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை. விஷம் இல்லை. கடிப்பது அபூர்வம், கடித்தாலும் ஊசிமுனைக் காயங்கள்தான், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். குரைக்காது, முடி கொட்டாது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனால் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டுப் போகலாம். நாயையோ பூனையையோ அப்படி விட்டுப் போக முடியாது.

பதிலுக்கு அதனிடம் பாசம் எதிர்பார்க்கக் கூடாது. கையில் எடுத்தால் நெளியாமல் இருப்பது பழக்கம், அன்பு அல்ல. ஆயுசும் சின்னது இல்லை. சரியாக வைத்தால் 20, 30 வருடம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961-ல் வந்த ஒரு பெண் பால் பைத்தான், 60 வயது தாண்டிய பிறகு 2020-ல் முட்டையிட்டது. காலேஜ் படிக்கும்போது வாங்கும் குட்டி, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போதும் வீட்டில் இருக்கும். சம்பந்தி வீட்டாரிடம் அதை எப்போது சொல்வது என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காகித விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நம் காட்டு மலைப்பாம்பு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒகேனக்கல் பக்கமோ அஞ்செட்டி பக்கமோ பிடித்த குட்டியை வளர்த்தால் ஜெயில்தான், பேச்சே இல்லை. பால் பைத்தான் அயல்நாட்டு இனம், வன உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம், கைக்கு வந்த 30 நாளுக்குள். கைமாறினாலும் குட்டி பொரித்தாலும் செத்தாலும் தகவல் கொடுக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுக் காகிதம் இல்லையென்றால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து பெட்டியில் சுருட்டிவரும் குட்டிகள் விமான நிலையங்களில் பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. பிடிபடாமல் தப்பிவந்த குட்டி தொற்றோடும் உண்ணியோடும்தான் உங்கள் வீட்டுக்கு வரும்.

காகிதத்தின் நகல் ஒன்றைப் பாம்புப் பெட்டியின் மேலேயே ஒட்டிவைப்பது நல்லது. இங்கே கோழிக்கூண்டுக்குள் மலைப்பாம்பு புகுவது புதிதல்ல, தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் போன் போவதும் புதிதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அதே நம்பருக்குப் போன் போட்டால், வந்தவர்களிடம் நீட்ட ஏதாவது வேண்டும்.

இனி வெயில். புத்தகத்தில் இருக்கும் அளவு எளிது: சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் 24-க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாம் எப்படிச் சூடாக்குவது என்றே சொல்வார்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏப்ரல், மே மாதத்துச் சிக்கல் அதற்கு நேர் எதிர். மாடி வீட்டில் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து, பதினொரு மணி வரை கக்கும். மேல்மாடி அறை 36, 37-ஐத் தொடும், சிமெண்ட் சீட்டு போட்ட வீடு என்றால் இன்னும் மோசம். பெட்டியின் குளிர்ந்த மூலையே 35-ஐத் தாண்டிவிட்டால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. குளிரில் பாம்பு மெல்ல நோயாகும். சூட்டில் ஒரே மத்தியானத்தில் செத்துப்போகும்.

ஆகவே கீழ்த்தளத்தில், வடக்குச் சுவர் ஓரமாக, வெயில் விழாத அறை. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் கீழே வித்தியாசம் தெரியும். ஏர் கூலர் இந்த வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், ஈரப்பதத்தையும் சேர்த்துக் கொடுக்கும். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பது மட்டும் குளிர்ச்சி தராது, வேகவைக்கும். தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே, குளிர்ந்த பக்கச் சுவரோடு ஒட்டி வைக்கலாம்.

ஓசூர், தளி பக்கம் கதையே வேறு. அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான், ஆனால் மார்கழி இரவில் அறைக்குள்ளேயே 18 டிகிரிக்கு இறங்கும். அங்கே பெட்டிக்கு அடியில் ஹீட் மேட் என்ற சூடாக்கும் விரிப்பைப் போட்டால் தரை சூடாகும், காற்று சூடாகாது. குளிர்காற்றை மூச்சில் இழுத்தே சளி பிடிக்கும். 60 அல்லது 100 வாட் செராமிக் ஹீட்டரைக் கம்பிக்கூண்டு போட்டு மேலே பொருத்தி, பெட்டியின் மூன்று பக்கமும் வெளிப்புறத்தில் ஒரு அங்குல தெர்மாகோல் ஒட்டினால் போதும். 100 வாட் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 72 யூனிட். இலவச யூனிட் அளவுக்குள் ஓடும் வீடாக இருந்தால் அந்தக் கணக்கு இனி தாண்டிவிடலாம்.

எந்த ஹீட்டராக இருந்தாலும், சூட்டைப் பார்த்துத் தானே ஆன், ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டக் கூடாது. நாட்டுக்கோழி முட்டை பொரிக்க தெர்மாகோல் பெட்டியில் மாட்டுகிறார்களே, அதே சாதனம்தான். சில மாடலில் ஆன் ஆகும் அளவை 31, ஆஃப் ஆகும் அளவை 32 என்று வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஃபேன் ஓட்டும் முறைக்குப் போய், சூடானபோது இன்னும் சூடாக்கும். ஹீட் மேட் போட்டிருந்தால் சென்சார் முனையை அதற்கு நேர் மேலே டேப் போட்டு ஒட்டுங்கள். பாம்பு உருண்டு அதை நகர்த்தி, முனை தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் சாதனம் 'குளிராக இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டு விடாமல் எரிக்கும். மறுநாள் வயிற்றுச் செதில் சிவந்து கொப்பளித்திருக்கும். சாதனத்துக்குள் இருக்கும் மலிவான ரிலே சுவிட்ச் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், தினம் ஒரு பார்வை. மாதாந்திர பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் போகும் நாள் செய்தித்தாளில் முன்கூட்டியே வந்துவிடும், அதைப் பார்த்துவைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

பெட்டி வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம் இருந்தால் நல்லது. மீன் தொட்டி வேண்டாம். மேலே வலை மூடியோடு இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நம் காற்றுக்கு ஈரப்பதம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. முன்பக்கம் திறக்கும் பிவிசி அல்லது பிளைவுட் பெட்டி, பக்கவாட்டில் காற்றுத் துளை. தரைக்குத் தேங்காய் நார்த் தூளைவிடச் சிறந்தது இல்லை. ஐந்து கிலோ கட்டி ஒன்று நாலடிப் பெட்டிக்கு இரண்டரை அங்குல உயரத்துக்குப் போட்டும் மிச்சம் இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி உப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு கைப்பிடி அளவு எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் பதம். மரக்கடைத் தூள் எந்த மரத்துடையது என்று தெரியாது, அதைத் தொடாதீர்கள்.

ஒளியும் இடத்துக்கு இணையத்தில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிடக் குயவர் வீட்டு மண்பானை மேல். இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பாம்பு சுருண்டால் உடம்பு சுவரில் உரச வேண்டும், அந்த அளவு சிறியது. விசாலமாக வாங்கினால் அது ஒளியவில்லை என்றே நினைக்கும், இரை எடுக்காது. பானையைக் கவிழ்த்து விளிம்பில் ஓட்டை போட வேண்டும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, அரம் போட்டு மெல்லத் தேய்த்தால் விரியாது. ஓட்டை, பாம்பின் பருமனான இடத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம் இருக்கட்டும். காலி வயிற்றோடு நுழைந்து, எலியை விழுங்கியபின் வெளியே வரமுடியாமல் சிக்கும் பாம்புகள் உண்டு. ஓட்டை விளிம்பை உப்புத்தாளில் வழுவழுப்பாக்குங்கள். கோடையில் குளிர்ந்த பக்கத்துப் பானையின் வெளிப்புறத்தை மட்டும் காலையில் நனைத்துவிட்டால் உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறைந்திருக்கும். தண்ணீர்ப் பானை குளிர்வதும் இதே வழியில்தான்.

இப்போது எலி. வளர்ந்த பாம்பு ஒன்றுக்கு அதன் எடையில் ஐந்து, ஆறு சதவீதம் கணக்கு. ஒன்றரை கிலோ பாம்புக்கு 75 முதல் 90 கிராம் எலி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று. வருடத்துக்கு ஏறத்தாழ 20, 25. குட்டிப் பாம்புக்கு வாரம் ஒன்று, எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம். பார்வைக் கணக்கு: எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பைவிட மிஞ்சக் கூடாது. வயலில் பிடித்த எலி, வீட்டுப் பொறியில் விழுந்த எலி எதுவும் கூடவே கூடாது. அது எந்தக் கடை விஷத்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது, புழுவும் உண்ணியும் நிச்சயம். உறைந்த எலி பாக்கெட்டில் எளிதாகக் கிடைக்கும் நாடு இல்லை இது. பெங்களூரு பக்கத்திலிருந்து வரவழைத்தாலும் வழியில் உருகினால் வீண். ஆக, கடைசியில் நீங்களே வெள்ளை எலி வளர்க்கிறீர்கள்.

ஒரு ஆண், இரண்டு பெண் போதும், அதுவே அதிகம். சினைக்காலம் 21 முதல் 23 நாள், ஒரு ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு. ஈன்ற ஒரு நாளைக்குள்ளேயே பெண் மறுபடி சினைப்படும், ஆகவே ஈனுவதற்கு முன்பே ஆணைப் பிரித்துவிட வேண்டும். 21 நாளில் பால் மறக்கும். ஐந்து வாரத்தில் உங்களுக்கு வேண்டிய 80 கிராம் எடை வரும். அதே ஐந்து வாரத்தில் அக்காவும் தம்பியும் சேர்ந்து அடுத்த ஈற்றுக்குத் தயாராகிவிடுவார்கள். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர் வீட்டில் இரண்டே மாதத்தில் ஐம்பது எலி இருக்கும்.

தீவனத்துக்கு நம்மூர் ராகி கைகொடுக்கும் என்று தோன்றும். ராகியில் புரதம் ஏழு சதவீதம்தான், வளரும் எலிக்கு 16-க்குக் குறையக் கூடாது. கம்பு, சோளம், கொள்ளு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு கலந்தால் சரியாகும். புண்ணாக்கு காரலடித்தாலோ பூஞ்சை பிடித்தாலோ தூக்கிப் போடுங்கள், கூண்டையே காலி செய்யும். மருந்து கலந்த கோழித் தீவனமும் வேண்டாம். கூண்டு கால் அங்குல வெல்டு மெஷ். பிளாஸ்டிக் என்றால் மூன்றே ராத்திரி தாங்கும்.

யாரும் சொல்லித்தராத சங்கடம் ஒன்று உண்டு. பாம்புக்கு 32 டிகிரி சுகம். எலிக்கு அது நரகம். 32-க்கு மேல் நீடித்தால் எலி மூச்சிரைக்கும், ஆண் எலி தற்காலிகமாக மலடாகும், சினை எலி செத்துப்போகும். மே மாதத்தில் பாம்பு பிழைத்துக்கொள்ளும், எலிகள் செத்துக் கூண்டு காலியாகிவிடும். இரண்டையும் ஒரே அறையில் வைக்கவும் முடியாது. எலி வாடை நாள் முழுக்க மூக்கில் ஏறினால் பாம்பு எப்போதும் இரைக்குத் தயாராகவே இருக்கும், உள்ளே நீட்டும் கையையும் இரை என்றே நினைக்கும். இரண்டு பிராணிக்கு இரண்டு அறை, இரண்டு பருவநிலை. நாற்றம் பாம்பிலிருந்து வராது, எலிக் கூண்டிலிருந்துதான் வரும், வாரம் இரண்டு முறை படுக்கை மாற்றாவிட்டால் தெருவுக்கே தெரியும். கிராமத்து வீடு என்றால் இன்னொன்று. தீவன வாடைக்கு வெளி எலி வரும், அதன் பின்னாலேயே சாரை வரும், நாகமும் வரும். ஆப்பிரிக்கப் பாம்புக்குச் சாப்பாடு வைக்கப்போய் உள்ளூர்ப் பாம்புக்கு விருந்து வைத்த கதை. தீவனம் மூடிய தகர டின்னில், கூண்டு தரையிலிருந்து உயரத்தில்.

உயிரோடு எலியை உள்ளே விடாதீர்கள். பசி இல்லாத பாம்பின் முதுகை எலி எலும்பு தெரியக் கடித்துத் தின்றிருக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி அதைச் செய்வதில்லை. வலி தெரியாமல் கொல்லும் முறையைக் கால்நடை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். அது மனம் ஒப்பாதவர்கள் இந்தப் பாம்பை வளர்க்க முடியாது, வேறு வழி இல்லை. கொன்றதைப் பையில் கட்டித் தனி ஃப்ரீசரில் வைக்கலாம், ஆறு மாதம் தாங்கும். வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் பாம்போடு சேர்த்து உங்களையும் வெளியே அனுப்புவார்கள். முந்தின நாள் ராத்திரி கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, கொடுக்கும் முன் பையோடு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து, தொட்டால் உடம்புச் சூடு தெரியும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடிக்கும். பாம்பு மேலுதட்டுக் குழிகளால் சூட்டைப் பார்த்துத்தான் தாக்கும். ஆறிய எலியை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். நீளமான இடுக்கியில் வாலைப் பிடித்து, விளக்கை அணைத்துவிட்டு நீட்டுங்கள். விழுங்கியபின் 48 மணி நேரம் தொடக் கூடாது. தொட்டால் கக்கும். கக்கிய பாம்புக்குப் பத்து, பதினான்கு நாள் இரை கிடையாது, அடுத்தது பாதி அளவுதான்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆண் பாம்பு சாப்பிடாமல் உட்கார்ந்துவிடும், மூன்று மாதம்கூட. இந்த இனத்தின் குணம் அது. வாயைத் திறந்து திணிப்பவர்கள்தான் பாம்பைக் கெடுக்கிறார்கள். சமையல் தராசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதிவையுங்கள். 1400 கிராம் பாம்பு 1260-க்குக் கீழே இறங்கினால்தான் மருத்துவர். அதற்கு முன் பானையின் அளவையும் சூட்டையும் சரிபாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே காரணம் கிடைத்துவிடும்.

சட்டை உரிக்கும் முன் கண் பால் நீலமாகும். அப்போது ஈரத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றினால் முழுச் சட்டையும் காலுறை கழற்றினாற்போல ஒரே துண்டாக வரும். துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். 30 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் விட்டு ஈரத் துணிக்குள் ஊரவிடுங்கள். கண்ணின் மேல் ஒட்டிய படலத்தை மட்டும் நகத்தால் எடுக்கக் கூடாது, கண்ணே போகும்.

பாம்பு நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் இரண்டு காரணம்: சூடு, அல்லது உண்ணி. கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உண்ணி. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை வந்தாலோ நுரையீரல் தொற்று, வீட்டு வைத்தியம் வேலைக்காகாது. அந்த அறையில் பினாயில் போட்டுத் துடைப்பது, கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை எல்லாம் நிறுத்த வேண்டும். பினாயில் பாம்புக்கு நேரடி விஷம். மாடு, ஆடு, கோழி பார்க்கும் டாக்டர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள், பாம்புக்கு ஊசி போட்டவர் அபூர்வம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லையென்றால் சென்னை வேப்பேரி. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு கைக்கெட்டும் தூரம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். யார் பார்ப்பார் என்று விசாரித்து நம்பரை வாங்கிவைத்துக்கொண்டு, அப்புறம் பாம்பை வாங்குவது புத்திசாலித்தனம்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பாம்பின் மலத்திலும் தோலிலும் இருக்கும். பெரியவர்களும் தொட்டபின் சோப்புப் போட்டே கழுவ வேண்டும், கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. தினமும் வீட்டில் பழுப்புத் திட்டுப் போட்ட தடித்த பாம்பைத் தடவிப் பழகிய பையன், வரப்பில் கண்ணாடி விரியனைப் பார்த்தால் அதே கையை நீட்டுவான். விரியனுக்கு முதுகில் சங்கிலி போல வரிசையாக ஓவல் வளையங்கள், முக்கோணத் தலை, கிட்டே போனால் குக்கர் விசில் மாதிரிச் சீற்றம். பால் பைத்தானுக்கு ஒழுங்கில்லாத தங்கப் பழுப்புத் திட்டுகள், அவ்வளவு பெரிய சீற்றம் இராது. ஆனால் வரப்பில் நின்று வித்தியாசம் பார்க்கவே கூடாது. 'பெட்டிக்கு வெளியே இருக்கும் எந்தப் பாம்பையும் தொடாதே' என்பது மட்டும்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம்.

பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள். குட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் இடுக்கு போதும், சறுக்குக் கண்ணாடியை மூக்கால் தள்ளியே திறக்கும். தப்பிய பாம்பு தெருவுக்குப் போனால் தடியோடு பத்துப் பேர் வருவார்கள், காகிதத்தைக் காட்ட நேரம் இருக்காது. பெரும்பாலும் அது வீட்டை விட்டுப் போயிருக்காது. முதலில் கதவிடுக்குகளை ஈரத்துணியால் அடையுங்கள். ஃப்ரிட்ஜ் மோட்டார்ப் பக்கம், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பின்னால், சோபாவின் அடித்துணிக்குள், பீரோவுக்கு அடியில் பாருங்கள். கிடைக்காவிட்டால் ராத்திரி படுக்கும் முன் ஒவ்வொரு அறை வாசலிலும் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்குக் கோலமாவைத் தூவி, விளக்கை அணைத்துவிடுங்கள். அது நடமாடுவது இருட்டிய பிறகுதான். காலையில் எந்த வாசலில் மாவு கலைந்திருக்கிறதோ அந்த அறையிலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.